கணக்கில் வராத சாய்வு

"கையை எடுங்க."

"என்ற கை அவ்வளவு பாரமா?"

"இப்ப எதுவும் பாரந்தானுங்க. நாலாவது மாடியில யாரோ பீரோ நகத்தறாங்க. சித்த நேரம் தொடாதீங்க."

"பீரோவைத் தாங்குவே. என்ற கையைத் தாங்க மாட்டே."

"பீரோ என்னைக் கேட்டுட்டா வருது?" என்று சிரிக்கப் பார்த்தாள் சௌபர்ணிகா. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவளுடைய இடது தோள் மெல்லத் தாழ்ந்தது. கண்கள் தாமாக மூடின. நாளெல்லாம் கடித்துக்கொண்டிருந்த செருப்பைக் கழற்றிப்போட்டவள் விடுவதைப் போன்ற நீண்ட மூச்சு ஒன்று அவளிடமிருந்து வந்தது.

அந்த மூச்சைப் பரணிதரன் நன்றாக அறிவான். பருவக்காற்று தொடங்கிய நாளிலிருந்து, வெயில் தாழ்கிற வேளையில், தினமும் அதைக் கேட்கிறான். அவளைக் கல்யாணம் செய்துகொண்டவன் அவன். தன் பொருட்டு அவள் ஒருநாளும் அப்படி மூச்சு விட்டதாக அவனுக்கு நினைவில்லை.

"யாரு அது?" என்றான்.

"யாருன்னா?"

"இப்ப உன்ற தோள் இறங்குச்சே. அது யாருனால?"

"மூணாவது மாடி, மேற்குச் சுவரு, ஜன்னலோரக் காலுங்க. அந்த வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்து அதுல சாயறாரு. அவ்வளவுதான்."

"ஆம்பளைன்னு எப்படித் தெரியும்?"

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "நடை தெரியுதுங்களே. எடை தெரியுது. நீங்க என்ன, போலீஸ் மாதிரி கேக்கறீங்க?"

அவன் பால்கனிக்குப் போனான். சாலைக்கு அந்தப்புறம் ஐந்து மாடிக் கட்டடம் நின்றது. மேற்குச் சுவரில் மூன்றாவது மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று, பொடிப்பொடியான சாரலை அள்ளிக்கொண்டுவந்து அந்தச் சுவரில் பூசிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க," என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "இந்தச் சாரல் மழையில சேர்த்திங்களா?"

"நம்மூர்ல சாரலை யாரு மழைங்கறா? ஒருத்தன் குடை பிடிச்சுப் பாத்திருக்கியா? பேச்சை மாத்தாதே."



ஆற்றில் மணல் இல்லாமல் போய், சிமெண்டை மருந்துபோல அளந்து விற்கத் தொடங்கிய பிறகு, கோவையில் மாடி வீடுகளை மலைவேம்பில்தான் கட்டினார்கள். ஆழியாறு தொடங்கி அன்னூர் வரைக்கும் தோப்புத் தோப்பாக வளர்ந்த மரங்கள், அறுபட்டு, காய்ந்து, சுவருக்குள் வரிசையாக நின்றன. சுவர்க்கால் என்று அவற்றைச் சொன்னார்கள். இருபுறமும் பலகை அடித்து வண்ணம் பூசிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டின் எடை முழுவதும் பலகைக்குள் நிற்கும் அந்தக் கால்களின் தலையில்தான் இறங்கும். ஒவ்வொரு காலும் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பரணிதரனின் வேலை.

கணக்குக்கு எல்லா மரமும் ஒன்று. மரத்துக்கு அப்படியில்லை. ஒன்றில் கணு இருக்கும். இன்னொன்று மேட்டில் வளர்ந்ததாக இருக்கும். மற்றொன்று பஞ்ச வருஷத்தில் இறுகிப்போனதாக இருக்கும். எங்கோ ஒரு கட்டடம், கணக்கில் நன்றாகத் தேறிய பிறகும் சரிந்து விழுந்தது. அதிலிருந்து ஒரு சட்டம் வந்தது. மூன்று மாடிக்கு மேற்பட்ட மரக்கட்டடம் எதுவானாலும், முதல் சில மழைக்காலங்களுக்கு ஒரு மனித உடம்பு அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் பயறு அளவில் ஒரு கருவி. கேட்பவரின் காறையெலும்புக்குக் கீழே நாணயம் அளவில் ஒரு தகடு. மரம் அழுந்தினால் எலும்பு அறியும். அந்த வேலையைச் செய்பவர்களைத் தாங்கி என்று அழைத்தார்கள். தாங்கி கட்டடத்துக்கு அருகிலேயே குடியிருக்க வேண்டும். நடுவில் விலக முடியாது.

"சார் காகிதத்துல தாங்குவாரு, மேடம் உடம்புல தாங்குவாங்க" என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். முதலில் அந்தக் கேலி பரணிதரனுக்குப் பெருமையாக இருந்தது. தான் நிறுத்திய கால்களையெல்லாம் தன் மனைவி தொட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கையில் உடம்பு சிலிர்க்கும். சுவருக்குள் ஒளிந்து நிற்கும் காட்டின் நடுவில் அவள் ஒருத்தி மட்டும் நடந்துபோவதுபோல அவனுக்குத் தோன்றும். அந்தக் காட்டில் வேறொருவன் முதுகைக் காட்டி நிற்பான் என்று அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

சுவர்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு மாலை, தங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று பார்த்தான். பழைய செங்கல் சுவர். தலைமுடியில் சுண்ணாம்பு ஒட்டியது.

"முதுகு வலிக்குதுங்களா?" என்றாள் சௌபர்ணிகா. "எண்ணெய் தேச்சு விடட்டா?"

"உனக்கு எதாச்சும் தெரியுதா?"

"என்ன தெரியோணும்?"

"ஒண்ணுமில்ல போ."

ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து அந்த மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினான். திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வழுக்கை, தொப்பை, கழுத்தில் கண்ணாடி, கையில் செப்புக் கம்பிச் சுருள். பெயர் கோகுல்நாத். பழுதான கிரைண்டர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். தனி ஆள். இவ்வளவு நாளும் மனத்துக்குள் வளர்ந்து நின்ற அழகன் இவரல்ல என்று கண்டதும் பரணிதரனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இந்த ஆளுக்கா?

"வாங்க வாங்க, இன்ஜினியர் சார். காபி குடிக்கறீங்களா? சக்கரை போடலாமுங்களா?"

"வேண்டாங்க. சுவரைப் பாக்கத்தான் வந்தேன். இதுல எதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?"

"தொந்தரவா? என்ற முதுகைக் காப்பாத்தறதே இந்தச் சுவருதானுங்க!" கோகுல்நாத் உற்சாகமாகிவிட்டார். "நாளெல்லாம் குனிஞ்சே காயில் கட்டறதுல முதுகு வில்லா வளைஞ்சு போச்சு. டாக்டரு நீச்சலுக்குப் போங்கறாரு. எனக்குத் தண்ணின்னாலே பயம். சாயந்திரம் வந்து இங்க ஒரு மணி நேரம் சாஞ்சு நிப்பேன். வலி ஓடிரும்."

"ஏன், அந்தப் பக்கச் சுவர்ல சாஞ்சா ஆகாதா?"

"அதுலயும் சாஞ்சு பாத்தேனுங்களே. அது சும்மா சுவரு. இது..." அவர் சொல்லத் தயங்கினார். காது மடல் சிவந்துவிட்டது. "சொன்னா சிரிப்பீங்க. இது நாம சாஞ்சா, திருப்பிச் சாயுதுங்க."

பரணிதரன் சிரிக்கவில்லை.

"நெசமாலுங்க. வலிக்கற எடம் பாத்து, ஒரு கட்டை விரல் வச்சு அமுக்கற மாதிரி. இப்பப் பாருங்க." அவர் ஜன்னலுக்கு இடப்பக்கம் போய் முதுகைச் சாய்த்தார். கண்ணை மூடினார். அந்த வழுக்கைத் தலையில் ஒரு சாந்தம் வந்து உட்கார்ந்தது. பரணிதரன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சாலைக்கு அப்பால் இந்த நிமிஷம் ஒரு தோள் தாழ்ந்திருக்கும்.

படியிறங்கும்போதே ஹஸீனாவைக் கூப்பிட்டான். தாங்கிகளுக்குத் தகடு பொருத்தி மேற்பார்வை செய்யும் அதிகாரி அவள்.

"ஹஸீனா மேடம், ஒரு சந்தேகம். காலுக்குள்ள இருக்கற கருவி, கேக்க மட்டுந்தான செய்யும்?"

"ஏன் பரணி? யாராவது புகார் சொன்னாங்களா?"

"சும்மாதான் கேக்கறேன்."

"அழுத்தினா மின்சாரம் வரும். மின்சாரம் குடுத்தா அதுவே அழுத்தும். கருவிக்குள்ள ஒரு படிகக் கல்லு இருக்கு, அதோட குணம் அது. மயிரிழை அளவுதான். ஆனா மனுஷ முதுகுக்கு மயிரிழை தெரியும்."

"அப்ப அது தானா நடக்குமா?"

"தானா எப்படி நடக்கும்? தாங்கி மனசு வச்சாத்தான்."

அந்தக் கடைசிச் சொற்கள் அவன் காதுக்குள்ளேயே தங்கிவிட்டன. மனசு வச்சாத்தான். சாப்பிடும்போது கேட்டன, குளிக்கும்போது கேட்டன. கூடத்தில் அவள் கண்மூடி உட்கார்ந்திருக்கையில் உரக்கக் கேட்டன. கட்டடக் கணக்கில் இரண்டு வகைச் சுமை உண்டு. கூரை, தரை, சுவர் எல்லாம் என்றைக்கும் இறங்காத சுமை. மனிதர்களும் சாமான்களும் வந்துபோகும் சுமை. மரம் வந்துபோகிற சுமையை எளிதாகப் பொறுத்துக்கொள்ளும். இறங்காத சுமைதான் அதை மெல்ல மெல்லத் தளரச் செய்யும். இதைக் கல்லூரியில் படித்த நாளில் அவனுக்கு அது வெறும் விதியாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அந்த மேற்குச் சுவரின் கணக்கைத் திறந்தான். ஒரே ஒரு இடத்தில் கை வைத்தால் போதும். மரம் ஈரமானால் அதன் பலம் குறையும். அதனால் ஒவ்வொரு சுவரும் நனைகிறதா, நனையாததா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சுவருக்கு 'நனையாதது' என்று அவனே எழுதியிருந்தான். கோவைக்காரன் வேறென்ன எழுதுவான்? ஆனி, ஆடியில் நாள் முழுக்கச் சாரல் அடித்தாலும் அதை மழையென்று சொல்ல அவனுக்கு நா வராது. இப்போது அதை 'நனைவது' என்று மாற்றினான். ஒன்றுக்குள் அடங்கியிருந்த, சுமைக்கும் பலத்துக்குமான விகிதம் ஒன்றைத் தாண்டியது. கால் தேறவில்லை.

பொய் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தான். பொய் அளவோடு இருக்கட்டும் என்றும் பார்த்துக்கொண்டான். 'உடனடி ஆபத்து இல்லை. துணைக்கால் வைக்கும்வரை அந்த ஒரு வீட்டை மட்டும் காலி செய்தால் போதும்' என்று எழுதி அனுப்பினான். கணக்குப் போட்டவனே சொல்லும்போது யார் மறுக்கப்போகிறார்கள்? துணைக்கால் வேலை ஆடி கழிந்து பார்க்கலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். கோகுல்நாத் கம்பிச் சுருள்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிங்காநல்லூரில் தங்கை வீட்டுக்குப் போனார். போகிற வழியில் போன் செய்தார்.

"நல்ல நேரத்துல சொன்னீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சுவருதான் மனசுக்குள்ளயே நிக்குது."

"நிக்கும்," என்றான் பரணிதரன்.

அவர் போன மூன்றாம் நாள், சௌபர்ணிகாவால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியவில்லை. இடது தோள் காதை நோக்கி ஏறி அப்படியே நின்றது. படுத்தால் வலிக்கிறது என்று நாற்காலியிலேயே தூங்கினாள். சாயங்காலம் ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பி, வராத யாரையோ எதிர்பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். அவன் பார்த்தான். பார்க்கப் பார்க்க உள்ளே எரிந்தது.

"ஆளு இல்லாம வாடிப் போயிட்டயாட்ட இருக்குது?"

அவள் திரும்பவில்லை. "அவரை எதுக்குங்க அனுப்பினீங்க?"

"ஓ, அவரு! நான் எதுக்கு அனுப்பறேன்? கால் தேறல. கணக்கு சொல்லுது."

"என்ன கணக்கு?"

"நனையற சுவருன்னு போட்டுப் பாத்தேன். தாங்கல."

அப்போதுதான் அவள் திரும்பினாள். அவள் முகத்தில் அவன் எதிர்பார்த்த குற்ற உணர்ச்சி இல்லை. ஆனந்தத்தில் அழப்போகிறவளுக்கு வரும் மலர்ச்சி இருந்தது. "கண்டுபுடிச்சிட்டீங்களா? நெசமாலுமே கண்டுபுடிச்சிட்டீங்களா? அப்பறம் எதுக்குங்க அவரை மட்டும் அனுப்பினீங்க? மேல இருக்கறவங்களை எல்லாம் இறக்கியிருக்கோணுமல்ல?"

"என்ன சொல்றே நீ?"

"அந்தக் காலு ரெண்டு வருசக் காத்துக்கு நனைஞ்சு ஊறிப் போச்சுங்க. அறைப்பக்கமா வளையுது. நேரா நிக்கற வரைக்கும் எவ்வளவு வேணா தாங்கும், கொஞ்சம் வளைஞ்சிருச்சுன்னா அதே எடை இன்னும் வளைக்கும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான. அவரு சாஞ்சப்பெல்லாம் அதை நிமித்தி விட்டாரு. தினமும் ஒருக்கா நிமிந்தா, மறுநா வரைக்கும் நின்னுக்கும். எனக்கு மூச்சு வரும். அவருக்கு ஒண்ணுந் தெரியாது, பாவம். முதுகு வலின்னு சாஞ்சாரு."

பரணிதரன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மனைவியின் தோளைச் சுற்றிப் பின்னிய தன் கற்பனைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன. அவன் சொன்ன பொய் பொய்யே இல்லை. அவன் கையெழுத்துப் போட்டிருந்த உண்மைதான் பொய்.

"ஏன் சொல்லல?"

"நனையாத சுவருன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க? நான் சொன்னா உங்க கையெழுத்துப் போயிரும். அப்பறம் யாரு உங்களுக்கு வேலை குடுப்பாங்க? நீங்களே பாத்துட்டா திருத்தின மாதிரி இருக்கும்னுதான் சாரல் மழையில சேர்த்தியான்னு கேட்டேன். அன்னிக்கு நீங்க சுவரைப் பாக்கத்தான போனீங்க? சுவரையே பாக்கலீங்களா?"

அவன் ஒரு வழுக்கைத் தலையைத்தான் பார்த்தான்.

"தப்புதானுங்க. காத்து நின்னா காஞ்சிரும், அதுவரைக்கும் ஓட்டிரலாம்னு நெனச்சேன். அத்தனை குடும்பம் அதுக்குள்ள இருக்குது. எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு குழந்தை ஓடறதும் எனக்குத் தெரியும்."

அவன் போனை எடுத்து ஹஸீனாவிடம் இரண்டு வாக்கியங்களில் எல்லாவற்றையும் சொன்னான். தன் பெயரை மறைக்கவில்லை. "உடனே எல்லாரையும் இறக்கிரலாம்," என்றாள் ஹஸீனா. "முட்டுக் கொடுக்கற ஜாக்கி கணபதி ஏரியாவுல இருந்து வரணும். இந்த நெரிசல்ல எப்ப வருமோ."

போனை வைத்தபோது சௌபர்ணிகா இரண்டு கைகளாலும் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "காத்து ஏறுதுங்க. இன்னும் வளையுது. அது போச்சுன்னா எடை பக்கத்துக் காலுக்குப் போகும். அதுவும் நனைஞ்சதுதான்."

அவன் செருப்புப் போடாமல் எழுந்தான். வாசலில் ஒரு கணம் நின்றான். நிற்கும் நேரமா அது? ஆனாலும் நின்றான்.

"அவருக்குத் திருப்பிச் சாஞ்சியாமே. அது எதுக்கு?"

"சொகமா இல்லீன்னா அவரு வேற சுவத்துக்குப் போயிருவாருங்க. அங்கயே நிக்க வெக்கோணுமல்ல. முதல்ல அதுக்குத்தான் செஞ்சேன்."

"முதல்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போங்க. வெரசாப் போங்க."

எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டில் மக்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிரைண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். "அதை எதுக்குய்யா தூக்கிட்டு வர்றே?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் திட்டிக்கொண்டே வந்தாள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரை நான்கு பேர் தூக்கி, படிக்குப் படி நின்று இறக்கினார்கள். அவர்களுக்கு எதிராகச் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு மேலே ஏறினான் பரணிதரன்.

மூன்றாவது மாடி வீடு காலியாக இருந்தது. ஜன்னலுக்கு இடப்பக்கம் பலகை வயிறு தள்ளியிருந்தது. வண்ணம் பாளம் பாளமாக எழுந்து நின்றது. இவ்வளவையும் பார்க்காமலா அன்றைக்கு இங்கே நின்றிருந்தோம் என்று நினைத்தான். சௌபர்ணிகாவைப் போனில் கூப்பிட்டுக் காதில் வைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பி, அந்தப் புடைப்பின்மேல் முழுப் பலத்தோடு சாய்ந்தான்.

"நிகா?"

"இன்னும் கொஞ்சம் மேலீங்க. அவரு உங்களைவிட உசரம்."

நுனிக்காலில் எம்பினான்.

"சரியா இருக்குது. அழுத்துங்க. பத்தலீங்க, உங்களுக்கு அவரு எடை இல்ல. காலை எதுலயாச்சும் உதைச்சுக்கங்க."

தரையில் எதையும் காணோம். ஈரப் பாதங்கள் வழுக்கின. குதிகாலை ஊன்றி, தொடை நடுங்க நடுங்கத் தள்ளினான். பலகைக்குள் மரம் முனகுவது முதுகெலும்பில் கேட்டது. தன் வாழ்க்கையில் இத்தனை கால்களுக்குக் கணக்குப் போட்டவன், ஒரு காலையாவது தொட்டது இதுதான் முதல் தடவை. போனின் அந்தப் பக்கத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது. பிறகு, மெல்ல, மிக மெல்ல, அந்த மூச்சு நீண்டது. அவன் தினமும் கேட்ட அதே மூச்சு. இப்போது அது அவனால் வந்தது.

கீழேயிருந்து ஒலிபெருக்கியில் ஹஸீனாவின் குரல் ஏறி வந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்களாம். தலையெண்ணிப் பார்த்தாகிவிட்டதாம். மேலே இருக்கும் பரணி மட்டும் உடனே இறங்க வேண்டுமாம்.

"கேட்டுச்சுங்களா?" என்றாள் சௌபர்ணிகா. "நடக்கற எடையெல்லாம் இறங்கிருச்சு. இனி ஜாக்கி வர்ற வரைக்கும் அதுவா நின்னுக்கும். நீங்க வாங்க."

அவன் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் பலகை குளிர்ந்து, ஈரமாக, கெட்டியாக இருந்தது. ஒரு கட்டை விரல் அளவுகூட எதுவும் அவனை நோக்கி வரவில்லை. சும்மா சுவர். வெளியே காற்று சாரலை அள்ளி வந்து ஜன்னல் கண்ணாடியில் வீசியது.

"என்னங்க, இறங்கறீங்களா இல்லீங்களா?"

"இறங்கறேன்."

"அப்பறம் என்ன?"

"நிகா... ஒரே ஒரு தடவை. என்ற பக்கமும் கொஞ்சம் சாயேன்."